சிலேட்டில் ஒன்று

பதினொரு வருஷம் நான் ஆற்றுக்கு நம்பர் போட்டேன். இப்படி ஒரு வேலை வேறு தோட்டங்களில் இருந்ததா என்று தெரியாது. எங்கள் தோட்டத்தில் இருந்தது. அந்த வேலையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு வந்திருந்த நாலு பேர் பிழைத்தார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை என் பெண்சாதி செத்தாள். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் ஒருவரிடம்தான் முழுதாகச் சொன்னேன். அவரும் இப்போது இந்த நாட்டில் இல்லை.

மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

தோட்டம் இலங்கையில், பதுளைக்கும் தெமோதரைக்கும் நடுவில் மலைச்சரிவில் இருக்கிறது. உச்சியில் துரை பங்களா. அதற்குக் கீழே தேயிலை அரைக்கிற ஸ்டோர். அதற்கும் கீழே எங்கள் லயங்கள், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். லயத்தைத் தாண்டி இறங்கினால் ஆறு. பெரிய ஆறு இல்லை. வேனலில் கல்லுக்குக் கல் தாவி அக்கரை போய்விடலாம். மேல் மலையில் மழை பெய்தால் அது வேறு ஆறு.

ஆற்றில் ஓரிடத்தில் பாறைகளுக்கு நடுவே ஆழமான மடு. மணல் அடி. பகலில் வெயில் விழும். துரை அங்கே நீந்துவார், தூண்டில் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் அவருடைய சிநேகிதர்கள் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். மடுவுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், ஆறு அகன்று ஓடும். அங்கே நடு ஆற்றில் ஒரு தட்டைக் கல். லயத்துப் பெண்கள் துணி துவைப்பது அந்தக் கல்லில்.

எனக்கு அந்த வேலை வந்தது ஒரு துண்டால். அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் மடுவுக்கு மேலே புல் வெட்டிக்கொண்டிருந்தேன். துரை தனியாக நீந்திக்கொண்டிருந்தார். வெயில். தண்ணீரிலிருந்து பச்சை மண் வாடை வந்தது.

"தொரை, ஏறுங்க" என்றேன்.

"ஏன்?"

"தண்ணி வருதுங்க."

"எங்க தண்ணி?" என்று வானத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் ஏறினார். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவர் துண்டு வைத்திருந்த பாறையைத் தண்ணீர் மூடிவிட்டது. துண்டு போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் அந்தப் பாறை இருந்த இடத்தையே பார்த்தார்.

மறுநாள் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, என் பேரைக் கூப்பிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். வாடை என்றேன். சின்ன வயதிலிருந்து ஆற்றுக்கரையில் கிடந்தவன். வேறென்ன சொல்வது.

அன்றிலிருந்து விடியற்காலையில் ஆற்றைப் பார்த்து நம்பர் போடுவது என் வேலை. பங்களாவில் சமையல் நடக்கும் குசினிக் கதவில் ஓர் ஆணி அடித்து ஒரு சிலேட்டை மாட்டினார்கள். பக்கத்து ஆணியில் ஒரு விசில். ஐந்து என்றால் வந்திருப்பவர்களின் பிள்ளைகள்கூட இறங்கலாம். நாலு என்றால் நீந்தத் தெரிந்தவர்கள். மூன்றுக்குக் காலை நனைக்கலாம், கரையோரம் துவைக்கலாம், குளிக்கலாம். இரண்டுக்குக் கரையில் நின்று தூண்டில். ஒன்று என்றால் யாரும் ஆற்றுப் பக்கமே போகக்கூடாது.

மடுவின் பாறையில் உளியால் கோடுகள் வெட்டி வைத்தேன். முதலில் கோட்டைப் பார்ப்பேன். பிறகு நிறம். பால் விடாத சாயத் தண்ணீர் நிறம் என்றால் பரவாயில்லை. பால் தேத்தண்ணி நிறம் என்றால் வேண்டாம். நுரை ஒதுங்கியிருக்கிறதா, மிதந்து வரும் இலை காய்ந்ததா பச்சையா என்று பார்ப்பேன். பச்சை இலை வந்தால் மேலே காற்றும் மழையும் கிளையை முறிக்கிறது. மலைக்கு உரம் போட்ட வாரத்தில் மழை வந்தால் தண்ணீர் உடம்பை அரிக்கும், அதற்கும் நம்பரைக் குறைப்பேன். ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்புவேன். அட்டையையும் எண்ணுவேன். துரைசாணிகளுக்கு அட்டை ஆகாது.

பிறகு பங்களாவுக்கு ஏறிப் போய்ச் சிலேட்டில் எழுதுவேன். பங்களாவில் சமைக்கிற அப்புவுக்கு அது தினமும் ஒரு வேடிக்கை.

"வாத்தியார் வந்துட்டாரு. ஆத்துக்குப் பரீட்ச வெச்சீரா? பாஸா, பெயிலா?"

"நாலு."

"என் புள்ளயவிட நல்லாப் படிக்குது."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் மடுவில் இறங்கினால் நான் விசிலை எடுத்துக்கொண்டு மேலே ஒரு பாறையில் நிற்பேன். மேல் மலை இருட்டினால், வாடை மாறினால், ஊதுவேன். ஊதினால் எல்லாரும் ஏறிவிடவேண்டும். அந்த விசில் கீழே துணிக்கல் வரைக்கும் கேட்கும். லயத்துப் பெண்களும் துணியைச் சுருட்டிக்கொண்டு கரையேறுவார்கள். அவர்களுக்காக யாரும் ஊதவில்லை. ஆனால் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை விசில் இல்லையென்றால் ஆறு சும்மா இருக்கிறது என்று அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

லயத்தில் நான் நம்பர் சொல்வதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலை கிடைத்த முதல் வருஷத்தில், ஒரு விடியற்காலை, லயத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் "இன்னைக்கு ரெண்டு, ஆத்தத் தாண்டாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கொழுந்து எடுக்கவேண்டிய மலை ஆற்றுக்கு அக்கரையில். பெண்கள் போகமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். கங்காணி போய்த் துரையிடம் சொன்னார். துரை என்னைக் கூப்பிட்டார்.

"நம்பர் யாருக்கு?"

"தொரைக்குங்க."

"அப்ப லயத்துல ஏன் பேசுற? பங்களா வேல பங்களாவுல."

எனக்கு இரண்டு நாள் வேலை இல்லை. கங்காணி அதற்குப் பிறகு என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லயத்தில் அவர் எங்களுக்கு அடுத்த காம்பிரா, அடுத்த அறை. நான் இயல்பிலேயே பேச்சுக் குறைவு. வாயை மூடிக்கொள்வது எனக்குச் சிரமமாக இல்லை.

என் பெண்சாதி நேர் எதிர். பீலியில் பேசுவாள், மலையில் பேசுவாள், அடுப்போடு பேசுவாள். எங்களுக்குப் பிள்ளை ஒன்று பிறந்து தங்கவில்லை. அதற்குப் பிறகும் பேசினாள். நான் "ம்" என்பேன். "இந்த ம்முக்கு ஒரு நாள் மாலை போட்டு வைக்கணும்" என்று சிரிப்பாள். அவளுடைய அண்ணன் அதே லயத்தின் கடைசிக் காம்பிரா. எனக்கு மச்சான், என்னைவிட நாலு வயது மூத்தவர். நாங்கள் இருவரும் ஒரே கூட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினோம்.

நம்பர் போடுகிற வேலையில் அது ஏழாவது வருஷம். ஐப்பசி.

சனிக்கிழமை இரவு லயத்தில் மழை இல்லை. ஆனால் மேல் மலையில் மின்னிக்கொண்டிருந்தது. ஞாயிறு விடிய நான் மடுவுக்குப் போனேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடி மணல் தெரிந்தது. நுரை இல்லை, இலை இல்லை. வேறு யாராவது பார்த்திருந்தால் ஐந்து போட்டிருப்பார்கள்.

கோட்டைப் பார்த்தேன். நேற்றைவிட இரண்டு கோடு கீழே இறங்கியிருந்தது.

இரவெல்லாம் மேலே மழை. இப்போதும் மேல் மலை தெரியவில்லை, கறுப்பாக மூடிக்கிடந்தது. அப்படியென்றால் தண்ணீர் ஏறியிருக்கவேண்டும். இறங்கியிருக்கிறது. மேலே எங்கேயோ மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது. அது நிற்கும் வரைக்கும் நிற்கும்.

நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. பங்களாவுக்கு ஏறினேன். சிலேட்டில் ஒன்று போட்டேன்.

அப்பு எட்டிப் பார்த்தார். "என்னய்யா வாத்தியாரே, பெயிலாக்கிட்டீரு? கண்ணாடி மாதிரி ஓடுதுன்னு பால்காரன் சொல்லிட்டுப் போறான். உள்ள நாலு பேரு துண்டோட நிக்கிறாங்க."

"ஒன்னுதான்."

துரை தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார். சிலேட்டைப் பார்த்தார். "ஒன்னா? மழ இல்லையே."

"மேல் மலையில இருக்குங்க. தண்ணி ரெண்டு கோடு எறங்கியிருக்கு."

"எறங்கினா நல்லதுதானே?"

"மேல மழ பெய்யுது, கீழ தண்ணி கொறையுதுங்க. எங்கயோ அடச்சிருக்கு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எப்ப ஒடையும்?"

"சொல்ல முடியாதுங்க. இன்னைக்கு ஒடையும்."

"சரி. நாங்க எல்ல ஊருப் பக்கம் சுத்தப் போறோம். காவல் வேணாம். நீ வீட்டுக்குப் போ."

விசில் ஆணியிலேயே இருந்தது. ஆள் இறங்காத நாளில் விசிலை எடுப்பதில்லை. அது பழக்கம். அன்றைக்கும் கை அதற்குப் போகவில்லை.

குறுக்குப் பாதையில் லயத்துக்கு இறங்கினேன். மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், துரை என் பேச்சைக் கேட்டார் என்பது இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

என் பெண்சாதி வாசலில் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் கம்பளியும் அதில் இருந்தது.

"வந்துட்டீங்களா? அடுப்புல தேத்தண்ணி இருக்கு, ஆறிடப்போகுது. நான் ஆத்துக்குப் போறேன். தண்ணி தெளிஞ்சு கெடக்குன்னு பக்கத்துக் காம்பிராக்காரி சொல்றா. இந்தக் கம்பளி நாறுது, அதையும் அலசிப் போட்டுட்டு வாறேன்."

சொல்ல வாய் வந்தது. அடுத்த வாசலில், இஸ்தோப்புத் திண்ணையில், கங்காணி கண்ணாடியைச் சுவரில் சாத்தி வைத்து முகம் வழித்துக்கொண்டிருந்தார். கத்தி கன்னத்தில் நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ம்" என்றேன்.

அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். எங்களுக்கு மறுபுறம் இருந்த பக்கத்துக் காம்பிராக்காரியும் அவளுடைய மகளும் கூடப் போனார்கள். மூன்று பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

பின்னாலேயே போய், லயம் மறைந்ததும், தனியாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். உடனே எழுந்து போனால் கங்காணி பார்ப்பார். கொஞ்சம் பொறுத்துப் போகலாம். உள்ளே போனேன். தேத்தண்ணி சூடாக இருந்தது. விடியற்காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. ஒரு துண்டு சக்கரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கடித்துக் கடித்துக் குடித்தேன்.

பாதி குடித்திருப்பேன். மலையில் லாரி ஏறுகிற மாதிரி ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமை லாரி வராது.

ஓடினேன். டம்ளரைக் கையோடு கொண்டு ஓடியிருக்கிறேன். அது தேயிலைக்குள் விழுந்து கிடந்ததைப் பிறகு யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

நான் போனபோது துணிக்கல் தெரியவில்லை. ஓடியது தண்ணீர் மாதிரியே இல்லை. மண், வேரோடு தேயிலைச் செடி, மரம், கல். கரையே ஆடியது. பக்கத்துக் காம்பிராக்காரி ஈரத் துணியோடு மேலே ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளை இடுப்போடு அணைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"விசில் அடிக்கலியே! விசில் அடிக்கலியே அண்ணே!"

திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு அவளிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். அவர்கள் துணி சின்னத் துணி. சீக்கிரம் முடிந்து கரையில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பளிக்கு ஆழம் வேண்டும் என்று என் பெண்சாதி நடுக் கல்லில் நின்றாள். சத்தம் கேட்டதும் இவர்கள் ஏறினார்கள். அவளும் இரண்டு எட்டு வந்திருக்கிறாள். கம்பளி தண்ணீரில் இழுபட்டுப் போனது. திரும்பி அதைப் பிடிக்கப் போனாள்.

கங்காணியும் வந்தார். பாதி முகத்தில் சோப்பு.

மூன்று நாள் தேடினோம். நானும் மச்சானும் ஆற்றோரமாகவே நடந்தோம். அவர் ஒரு கம்பால் மூங்கில் புதர்களைக் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். பசி தெரியவில்லை. அவர்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார்.

"தின்னு மாப்ள. நீயும் விழுந்துட்டா நான் ரெண்டு பேரத் தேடணும்."

தின்றேன். அந்த மூன்று நாளில் அவரிடம் சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது. ஒரு பாறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தோம். அவர் அழுதார். "ஆத்துக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு வந்திருச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் "ம்" என்றேன்.

மூன்றாம் நாள் தெமோதரைப் பக்கம் ஒரு பாலத்துக்குக் கீழே கிடைத்தாள். மூங்கில் வேரில் சிக்கியிருந்தாள். கை வளையலைப் பார்த்து மச்சான்தான் சொன்னார். நான் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தோட்டத்துக்குக் கொண்டுவந்து புதைத்தோம்.

கருமாதி முடிந்து பெரட்டுக்குப் போனேன். விடியற்காலைப் பனி. ஆட்கள் வரிசையாக நின்றார்கள். துரை குதிரைச் சாட்டை மாதிரி ஒரு பிரம்பு வைத்திருப்பார், அதால் என்னை முன்னுக்கு வரச் சொன்னார். பக்கத்தில் கங்காணி ஒரு புதுக் கம்பளியை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

துரை தமிழில்தான் பேசினார். எல்லாரும் கேட்கவேண்டும் என்று சத்தமாகப் பேசினார்.

"இந்த ஆள் நல்ல வேலக்காரன். அன்னைக்குக் காலையில தண்ணி சுத்தமா இருந்துச்சு. இவன் மட்டும் சொன்னான், இன்னைக்கு ஆறு ஒடையும்னு. சிலேட்டுல ஒன்னு போட்டான். என்னோட நாலு பேரு உயிரோட இருக்காங்க. அவனுக்குப் பெரிய துக்கம் வந்திருக்கு. ஆனா அவன் வேலய அவன் சரியாச் செஞ்சான்."

கம்பளியைக் கொடுத்தார்கள். வாங்கினேன். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என்னை வாயை மூடச் சொன்னதை மறந்திருப்பார்; லயத்தில் யாருக்கும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

வரிசையில் பக்கத்துக் காம்பிராக்காரி வாயில் முந்தானையை வைத்தாள். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். ஒரு திருப்பத்தில் நின்றார்.

"மாப்ள, தொரை சொன்னது நெசமா?"

"ஆமா மச்சான்."

"காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"அவ போறப்ப நீ எங்க இருந்த?"

"காம்பிராவுல."

"சொன்னியா?"

"இல்ல."

"ஏன்டா?"

கங்காணி நின்றதைச் சொன்னேன். பின்னால் போய்ச் சொல்லலாம் என்று நினைத்ததைச் சொன்னேன். தேத்தண்ணி குடித்ததையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். கங்காணி மேல் மட்டும் போட்டிருக்கலாம். அவருக்கு அது போதுமாக இருந்திருக்கும். ஆனால் மூன்று நாள் ரொட்டி பிய்த்துக் கொடுத்தவர்.

"தேத்தண்ணி" என்றார். ஒரு தரம்தான் சொன்னார். கையில் கத்தி இருந்தது. அதை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு நடந்துவிட்டார். அந்த வாரமே வேறு கூட்டத்துக்கு மாறினார், மேல் லயத்தில் காம்பிரா கேட்டு வாங்கிப் போனார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

கம்பளியை நான் போர்த்தவில்லை. தூக்கியும் எறியவில்லை. குளிர் காலத்தில் பக்கத்துக் காம்பிராக்காரியின் மகளுக்குக் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டாள். குளிருகிறதே.

பெரட்டுக்கு மறுநாள் ஆற்றைப் பார்த்துவிட்டுப் பங்களாவுக்குப் போகும் வழியில் பீலியில் நின்றேன். "இன்னைக்கு மூனு" என்றேன். தண்ணீர் பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் பெண்சாதி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் இன்னும் மேல் லயத்துக்குப் போகவில்லை.

"இப்ப வாய் தொறக்குது. அன்னைக்கு வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"இன்னைக்கு மூனு" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனேன்.

தினமும் சொன்னேன். இளவட்டங்கள் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள். "ரேடியோ வந்துடுச்சு, பாட்டுப் போடச் சொல்லு" என்பார்கள். ஒரு நாள் இரண்டு என்று சொன்னபோது அக்கரை மலைக்குப் பெண்கள் போகவில்லை. மறுபடி துரை கூப்பிட்டார். இந்த முறை கங்காணி சொல்லவில்லை, வேறு யாரோ.

"நான் முன்னாடி என்ன சொன்னேன்?"

"நம்பர் தொரைக்குன்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"பீலியில சொல்லுவேங்க. வேணும்னா வேலய நிறுத்துங்க."

நிறுத்தினார். மூன்று நாள். நாலாம் நாள் சனிக்கிழமை. மறுநாளைக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று அப்பு வந்து கூப்பிட்டார். போனேன். அதற்குப் பிறகு துரையும் கேட்கவில்லை, நானும் நிறுத்தவில்லை.

பீலிக்கு வராதவர்களுக்காகத் துணிக்கல்லுக்கு மேலே ஒரு மரத்தில் ஏதாவது கட்டலாம் என்று நினைத்தேன். சிவப்புத் துணி கட்டினால் எங்கள் ஆட்கள் சாமி என்று சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத் தைரியமாக இறங்கிவிடுவார்கள். அதனால் பழைய உரச்சாக்கு. சாக்கு தொங்கினால் இறங்கக்கூடாது. சாக்கை யாரும் கும்பிடவில்லை.

ஒரு நாள் கங்காணி இஸ்தோப்பில் நின்றுகொண்டு கேட்டார். "இன்னைக்கு எத்தனய்யா?"

"நாலு."

"வீட்டுல ஆத்துக்குப் போறேங்குறாங்க. அதான்."

"போகலாம்."

அவ்வளவுதான். அவரைப் பற்றி வேறு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

பிறகு அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. துரை போய்விட்டார். மடுவுக்கு வந்தவர்களும் நின்றார்கள். புதிதாக வந்தவர்கள் ஆபீஸில் பேரேட்டைப் பார்த்து, "ஆத்துக்கு நம்பரா?" என்று சிரித்தார்கள். என்னைப் புல்லு வெட்டப் போட்டார்கள். அப்பு போகும்போது விசிலைக் கொண்டுவந்து கொடுத்தார். "சிலேட்ட எவனோ எடுத்துக்கிட்டான், வாத்தியாரே. இது மட்டும்தான் மிச்சம்."

அந்த வருஷங்களில் பசி. மரவள்ளிக் கிழங்கு கிடைத்தால் அது பெரிய சாப்பாடு. ஆட்கள் ஆற்றில் நண்டு பிடிக்க இறங்கினார்கள். இரண்டு என்று சொன்னாலும் இறங்கினார்கள். கெஞ்சிப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டு, விசிலை எடுத்துக்கொண்டு பாறையில் போய் நின்றேன். பெரட்டுக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன்.

ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பேர் பதிந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். மச்சானுக்கும் கடிதம் வந்தது. லயத்தில் சொன்னார்கள். தெமோதரை ஸ்டேஷனில் கோச்சி ஏறுகிறார்கள், தலைமன்னார் போய்க் கப்பல். நான் போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போனேன்.

பிளாட்பாரம் முழுதும் அழுகை. தகரப் பெட்டி, பாய், அம்மி. மச்சான் பெண்சாதி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு திரும்பிப் பார்த்து இன்னும் சத்தமாக அழுதாள். மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அவர் எதிர்ப்பக்க மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லு இருக்கா?" என்றார். என்னைப் பார்க்காமல்தான் கேட்டார்.

"இருக்கு மச்சான். பொரண்டு கெடக்கு."

"இன்னும் அங்கதான் தொவைக்கிறாங்களா?"

"அங்கதான்."

"நீ நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

அவர் தலையை அசைத்தார். மன்னித்தார் என்று நான் எழுதமாட்டேன். அசைத்தார், அவ்வளவுதான். விசில் ஊதினார்கள். கோச்சி நகர்ந்தது. மற்றவர்கள் கூடவே ஓடினார்கள். நான் ஓடவில்லை.

மறுநாள் விடிய ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் ஒரு கோடு ஏறியிருந்தது. சாய நிறம். பச்சை இலை இல்லை. மேல் மலை தெரிந்தது. பீலிக்குப் போய் மூன்று என்று சொன்னேன். நாலைந்து பெண்கள் துணி மூட்டையோடு இறங்கினார்கள். நானும் பின்னால் இறங்கி, பாறையில் ஏறி, கடைசி ஆள் கரையேறும் வரைக்கும் நின்றேன்.